ஜிம்னியின் ஸ்டெபிலைசர் லிங்கை லேத்தில் செய்து மாட்டலாமா?

கானாற்றுவழி, ஒடுகத்தூர்
எங்கள் கொல்லைக்குப் போக ஒரு கானாற்றைத் தாண்டணும். தை மாசத்துக்கு மேல் தண்ணீர் இருக்காது, பாறாங்கல் மட்டும்தான். எங்கள் மாருதி ஜிம்னி ஜீப்பைக் குறுக்கே இறக்கினால் ஒரு முன்சக்கரம் கல்மேல் ஏறும்போது அதே பக்கத்துப் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்குது. முன்னால் இருக்கிற ஸ்டெபிலைசர் பார் என்ற குறுக்குக் கம்பி இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிப்பதால்தான் இது. பாரின் முனையில் இருக்கிற லிங்க் கம்பியைக் கழற்றினால் சக்கரம் தரையைத் தேடி இறங்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஸ்பேனரோடு வண்டிக்கடியில் படுக்க முடியலை. லிங்கை நடுவில் வெட்டி, மேல்பாதியில் பைப், கீழ்பாதியில் அதற்குள் நுழைகிற ராடு, குறுக்கே ஒரு பின், பின்னுக்கு ஒரு கிளிப் என்று யோசிச்சிருக்கேன். 16 மி.மீ. ராடு, 10 மி.மீ. பின். செய்தவங்க யாராவது இருந்தால் சொல்லுங்க.

வாலாஜா ரோடு
வேண்டாம் தம்பி. அந்த பார் வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கத்தான் இருக்கு. உங்கள் வண்டியின் இ.எஸ்.பி. (வண்டி வழுக்காமல் தானே பிரேக் பிடிக்கிற மின்னணு வசதி) அந்த பார் இருக்கு என்ற கணக்கில் அமைத்தது. கொல்லையிலிருந்து திரும்பிப் பள்ளிகொண்டாவில் பெங்களூர் ஹைவே ஏறும்போது பின் கழன்று விழுந்தால், லாரிக்கு ஒதுங்க ஸ்டியரிங்கை ஒடிக்கிற அந்த நொடியில்தான் உங்களுக்கே தெரியும். அதுவும் போக, ஜிம்னியில் பிரேக் எல்.எஸ்.டி. இருக்கே. அந்தரத்தில் சுற்றுகிற சக்கரத்தை பிரேக் பிடித்து, தரையில் இருக்கிற சக்கரத்துக்கு இழுவையை அதுவே அனுப்பும். கொஞ்சம் பொறுமையாக ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஏறிடும்.

கானாற்றுவழி, ஒடுகத்தூர்
ஏறுது அண்ணா, இல்லைன்னு சொல்லலை. சக்கரம் சுற்றின பிறகுதான் அது வேலை செய்யும். அதற்குள் கல் புரண்டு வண்டி பக்கவாட்டில் நகருது. பின்சீட்டில் அம்மா உட்கார்ந்திருப்பாங்க.

ராணிப்பேட்டை லேத்
யோசனை சரிதான், அளவுதான் தப்பு. 16 மி.மீ. ராடில் 10 மி.மீ. ஓட்டை போட்டால் அந்த இடத்தில் மிஞ்சுவது கால் பங்கு இரும்பு. அறுந்தால் அங்கேதான் அறும். 20 மி.மீ. ராடு எடுத்து 8 மி.மீ. ஓட்டை போடுங்க, பாதி மிஞ்சும். பைப்பின் இரண்டு சுவரிலும் பின் தாங்கி நிற்பதால் டபுள் ஷியர் (இரண்டு இடத்தில் அறுந்தால்தான் பின் உடையும்) கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் தாங்கினால் அந்த பலத்தில் பாதிதான். ஓட்டையை டிரில் பண்ணி விட்டுடாதீங்க, ரீமர் (ஓட்டையைத் துல்லியமாகச் சீவுகிற கருவி) போட்டுப் பின்னுக்கு இறுக்கமாக முடிக்கணும். துளி ஆட்டம் இருந்தாலும் டொக் டொக்குன்னு அடித்து அடித்து ஓட்டை முட்டை வடிவத்துக்குப் போயிடும்.

இன்னொன்று, ஒரிஜினல் லிங்கை வெட்டி வெல்டிங் வைக்காதீங்க. லிங்கின் முனையில் பால் ஜாயிண்ட் இருந்தால் உள்ளே கிரீஸும் பிளாஸ்டிக் லைனரும், மேலே ரப்பர் உறையும் இருக்கும். பக்கத்தில் வெல்டிங் வைத்தால் சூட்டில் மூணும் கெட்டுப்போகும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஈ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) ராடு வாங்கி மரை வெட்டி ராடு எண்ட் (மரையில் முறுக்குகிற குண்டு மூட்டு) முறுக்குங்க, லாக் நட்டு போடுங்க. ஈ.என்.8-ஐயும் முன்சூடு கொடுக்காமல் வெல்டிங் வைத்தால் விரிசல் விடும்.

வாலாஜா ரோடு
வேலை தெரிந்தவர் சொல்றீங்க, மதிக்கிறேன். ஆனால் கம்பெனிக்காரன் எப்படிச் செய்தான்னு பாருங்க. 2007-இல் வந்த ஜீப் ராங்ளர் ரூபிகானில் பட்டனை அமுக்கினால் முன் பார் விடுபடும். மணிக்கு சுமார் 29 கி.மீ. தாண்டினால் தானாகவே சேர்ந்துக்கும். லேத் பின்னுக்கு அந்த வசதி கிடையாது. இருட்டுகிற நேரத்தில், தூறலில், அம்மாவை வைத்துக்கொண்டு கிளம்புகிறவர் பின்னை மாட்டாமலே வண்டியை எடுத்துடுவார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவும் இருக்கு. வண்டியை மாற்றி அமைப்பது பற்றி 2019-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகவே தீர்ப்பு சொல்லியிருக்கு.

அமிர்தி ஜிப்ஸி
52-ஆம் பிரிவு ஆர்.சி.யில் இருக்கிற விவரம் மாறுவதைப் பற்றிப் பேசுது. லிங்க் ராடு ஆர்.சி.யில் எங்கே வருது சார்? கார் நிறம், இன்ஜின், பாடி மாதிரி இல்லையே இது.

வாலாஜா ரோடு
ஆர்.டி.ஓ. விட்டுடலாம். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வண்டிக்கடியில் லேத் வேலையைப் பார்த்தால் கிளெய்ம் இழுத்தடிக்கும். அந்தப் பேச்சை நீங்கள் அவரிடம்தான் பேசணும்.

ராணிப்பேட்டை லேத்
சார் பயப்படுவது பின் விழுவதற்கு. எனக்கு அதைவிடக் கவலை, கழற்றின பிறகு சும்மா தொங்குகிற பார்தான். மேலே தூக்கிச் சேஸிஸோடு கட்டலைன்னா பிரேக் ஹோஸை அறுத்துடும். கட்டிட்டு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்க. சக்கரம் முழுசாக இறங்கும்போது ஹோஸ் இழுபடுதான்னும் ஜாக்கி போட்டுப் பார்க்கணும். ஒரு விஷயம் ஒத்துக்கணும். ஷாக் அப்சார்பர் எவ்வளவு நீளுமோ அதற்கு மேல் சக்கரம் இறங்காது. ஒரிஜினல் ஷாக்கோடு பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீங்க.

கானாற்றுவழி, ஒடுகத்தூர்
அப்போ ஒரிஜினல் லிங்கைத் தொடலை. தனியாக ஒரு ஜோடி செய்து கொல்லையில் மட்டும் போட்டுப் பார்க்கிறேன். ஹைவேக்கு ஒரிஜினல்தான். வாலாஜா அண்ணா சொன்ன மறதிக்கு, பின்னில் சிவப்பு ரிப்பன் கட்டி, கழற்றினதும் சாவியோடு மாட்டிடறேன். பின் கையில் இருந்தால் இன்னும் பூட்டலைன்னு அர்த்தம்.

வாலாஜா ரோடு
எனக்கு இன்னும் மனசு ஒப்பலை. செய்யறதுன்னு முடிவாயிட்டால் கிளிப்பை நம்பாதீங்க, புதர் இழுத்தால் வந்துடும். மரை போட்ட பின், நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு).

ராணிப்பேட்டை லேத்
நைலாக் நட்டு சரி. ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் புது நட்டு போடுங்க, பழசில் நைலான் பிடிப்பு போயிடும். வரும்போது ஒரிஜினல் லிங்க் ஒன்றைக் கையில் எடுத்துட்டு வாங்க, நீளம் அதை வைத்துத்தான் வெட்டணும்.