ஃப்ளோரிடா பார்மசி ஆடிட்: 14 இன்சுலின் க்ளெய்முக்கு 47,000 டாலர் கேக்குறாங்க, உதவி வேணும்

ஆர்லாண்டோ_செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் ஆர்லாண்டோ பக்கத்துல சின்னதா ஒரு பார்மசி வச்சிருக்கோம், 9 வருஷமாச்சு. போன வாரம் வியாழக்கிழமை ஒரு பிபிஎம் (இன்சூரன்ஸ் சார்பா மருந்து பில்ல பாத்து பணம் குடுக்குற கம்பெனி) கிட்டேர்ந்து ஆடிட் ரிப்போர்ட் வந்துச்சு, 60 க்ளெய்ம் (நாங்க அனுப்புன பில்) எடுத்துப் பாத்து 14 தப்புன்னு போட்டிருக்காங்க, 14-ம் இன்சுலின் பேனா. அதுக்கு அவங்க குடுத்தது மொத்தமே 6,200 டாலர் தான், ஆனா அதே கணக்க ரெண்டு வருஷ இன்சுலின் க்ளெய்ம் எல்லாத்துக்கும் பெருக்கி 47,000 கேக்குறாங்க, தரலன்னா இனி வர்ற பேமெண்ட்ல பிடிச்சுக்குவாங்களாம். பிடிச்சா சப்ளையருக்கு பணம் கட்ட முடியாது. மருந்து ஒழுங்கா குடுத்தோம், வாங்குனவங்க கையெழுத்து இருக்கு. ராத்திரி தூக்கமே இல்ல. யாராவது இத தாண்டி வந்திருக்கீங்களா?

டாம்பா_மருந்துக்கடை:
அக்கா பதறாதீங்க, பணத்தையும் கட்டிடாதீங்க. ரிப்போர்ட்ல ப்ரிலிமினரின்னு (முதல் கட்டம்) இருக்கா ஃபைனல்னு இருக்கா? ப்ரிலிமினரின்னா நம்ம ஸ்டேட் சட்டப்படி உங்களுக்கு 10 வேலை நாள் இருக்கு பேப்பர் குடுக்க, அடுத்த வாரம் வியாழனோட முடியுது. பெருக்கி கேக்குறது இங்க செல்லாது, உண்மையா எவ்ளோ கூட போச்சோ அத மட்டும் தான் கேக்க முடியும். 624.491-னு செக்‌ஷன் நம்பர் போட்டே எழுதுங்க. தப்புன்னு என்ன காரணம் சொல்றாங்க?

ஆர்லாண்டோ_செல்வி:
ப்ரிலிமினரி தான் தம்பி. காரணம் டேஸ் சப்ளை, அதாவது குடுத்த மருந்து எத்தன நாளைக்கு வரும்ங்குற கணக்கு. 5 பேனா பாக்ஸுக்கு 30 நாள்னு போட்டோம், டாக்டர் ஸ்க்ரிப்ட்ல சுகர் பாத்து போட்டுக்கவும்னு மட்டும் இருக்கு, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்ளோன்னு இல்ல.

டாம்பா_மருந்துக்கடை:
எனக்கும் இதே தான் நடந்துச்சு. ஒரு பேனால 300 யூனிட், பாக்ஸுக்கு 1500. ஆடிட்டர் அவரா தினம் 20 யூனிட்னு வச்சுக்கிட்டா 75 நாள் வரும், நீங்க சீக்கிரமே ரீஃபில் குடுத்த மாதிரி ஆயிடும். டாக்டர் ஃபைல்ல அதிகபட்சம் 50 யூனிட்னு இருந்தா 1500-க்கு சரியா 30 நாள், உங்க கணக்கு சரி. டாக்டர் ஆபீஸ் ரெக்கார்ட வச்சு ஸ்க்ரிப்ட நிரூபிக்க சட்டமே இடம் குடுக்குது. டாக்டர் கிட்ட நோயாளிவாரியா எழுதி வாங்குங்க, இன்னிக்கே போன் போடுங்க, அவங்க ஆபீஸ்ல ஒரு வாரம் சும்மா ஓடிடும்.

பில்லிங்_ரேவதி:
அக்கா, 12 மாசத்துக்கு முந்தின க்ளெய்ம் ஏதாவது இருக்கா? இருந்தா திருப்பிக் கேக்கவே முடியாதே, எங்க கிளினிக்ல அத சொல்லி தான் ஒண்ண தள்ளுனோம்.

டாம்பா_மருந்துக்கடை:
ரேவதி, அந்த 12 மாசம் டாக்டர், பல் டாக்டர் மாதிரி ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஓவர்பேமெண்ட் கேக்குறதுக்கு வச்சது, பதில் சொல்ல 40 நாளும் அதுல தான் வரும். பார்மசி ஆடிட்டுக்கு வேற, க்ளெய்ம் போட்ட நாள்லேர்ந்து 24 மாசம். அக்கா ஒவ்வொரு தேதியும் பாருங்க, அத தாண்டி ஒண்ணு இருந்தாலும் எழுதுங்க. இன்னொண்ணு, பார்ட் டி (வயசானவங்களுக்கான மெடிகேர் அரசு இன்சூரன்ஸோட மருந்து திட்டம்) க்ளெய்ம தனியா பிரிச்சு வைங்க, ஃபெடரல் பணத்துல வர்றதுக்கு இந்த ஸ்டேட் சட்டம் ஒதுங்கிக்கும், அதுக்கு உங்க கான்ட்ராக்ட்ல இருக்குற அப்பீல் வழி தான்.

ஆர்லாண்டோ_செல்வி:
பாத்துட்டேன். 14-ல 3 பார்ட் டி. மிச்சம் 11-ல ஒண்ணு 26 மாசம் பழசு!! எழுத்துப்பிழை மாதிரி சின்ன தப்புக்கு பணத்த பிடிக்கக் கூடாதுன்னு சொல்றாங்களே, அதுல இது வராதா?

டாம்பா_மருந்துக்கடை:
அத மட்டும் நம்பாதீங்க அக்கா. மருந்து சரியா குடுத்திருந்தா அந்த பாதுகாப்பு உண்டு, ஆனா அதே தப்பு திரும்பத் திரும்ப இருந்தாலோ அவங்களுக்கு நிஜமா நஷ்டம்னு காட்டுனாலோ போயிடும், 14-ம் ஒரே மாதிரின்னா அத தான் பிடிப்பாங்க. 30 நாள் சரின்னே வாதாடுங்க. அதுக்கப்புறமும் பெருக்கல விடலன்னா ஸ்டேட் இன்சூரன்ஸ் ரெகுலேஷன் ஆபீஸ்ல கம்ப்ளெய்ண்ட் போடுங்க, பிபிஎம் ஆடிட் இப்ப அவங்க கையில தான்.

ஆர்லாண்டோ_செல்வி:
ரொம்ப நன்றி தம்பி. ரெண்டு டாக்டர் ஆபீஸ்ல பேசிட்டேன், 8 பேருக்கு நாளைக்கு எழுதித் தர்றாங்க. மிச்ச ரெண்டு பேரோட டாக்டர் கிளினிக்க மூடிட்டு டெக்சாஸ் போயிட்டாராம், அவரு பழைய ரெக்கார்ட் யார்கிட்ட இருக்குன்னு தேடிட்டு இருக்கேன். புதன்கிழமை கொரியர்ல அனுப்பிட்டு இங்க வந்து சொல்றேன்.