ஆக்டிவ் டைரக்டரியில் அழிந்த ஓயூவை மீட்ட அனுபவம்

நிறுவனத்தின் பயனர், கணினிக் கணக்குகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரியில் பழைய கணினிக் கணக்குகளைக் களையும் வேலையில் இருந்தபோது, ஒரு வரி மேலே தேர்ந்தெடுத்துவிட்டதால், ஒரு துறையின் ஓயூ (கணக்குகளைத் தொகுத்து வைக்கும் பிரிவு) முழுவதும் பயனர் கணக்குகளோடும் குழுக்களோடும் அழிந்துபோயிற்று. தவறுதலாக அழிவதைத் தடுக்கும் டிக் குறியை, அந்த ஓயூவை இடம் மாற்றுவதற்காக முந்தைய வாரம் நானே எடுத்திருந்தேன். திரும்ப வைக்க மறந்துவிட்டேன்.

அதே பெயர்களில் கணக்குகளைப் புதிதாக உருவாக்கிவிடலாம் என்றார் உடனிருந்தவர். பெயர் ஒன்றானாலும் எஸ்ஐடி (கணக்கின் தனி அடையாள எண்; உரிமைகள் இதைச் சார்ந்தவை) வேறாகிவிடும், பழைய கோப்புறை உரிமைகள் எவையும் பொருந்தா என்று சொல்லி நான் மறுத்தேன். இவ்வளவு தெரிந்த நான்தான் அடுத்த பிழையைச் செய்தேன். அழிந்தவற்றை மீட்க உதவும் ரீசைக்கிள் பின் வசதி இயக்கப்படாமல் இருப்பதைக் கண்டதும், இயக்கினால் அழிந்தவை அதில் தெரியும் என்று நம்பி இயக்கிவிட்டேன். டூம்ஸ்டோனாக (அழிந்த கணக்கின் சிலகாலம் தங்கும் எச்சமாக) இருந்தவரை, குழு உறுப்பினர் விவரம் போன்றவை உதிர்ந்திருந்தாலும், அக்கணக்குகளை எஸ்ஐடி மாறாமல் உயிர்ப்பித்திருக்கலாம். ரீசைக்கிள் பின்னை இயக்கியதும், அதற்கு முன் அழிந்தவை யாவும் அந்த வழியிலும் மீட்க முடியாதவையாகிவிட்டன. இயக்கியதை அணைக்கவும் வழியில்லை.

மிஞ்சியது முந்தைய இரவு எடுத்த பேக்கப் மட்டுமே. ஒரு டொமைன் கன்ட்ரோலரை (டைரக்டரியின் நகலை வைத்திருக்கும் சர்வர்) அதன் மீட்பு நிலையான டைரக்டரி சர்வீசஸ் ரெஸ்டோர் மோடில் தொடங்கி (அதன் கடவுச்சொல் தனி, நல்லவேளையாக ஓர் உறையில் எழுதி வைத்திருந்தோம்), டைரக்டரி தரவும் அடங்கிய சிஸ்டம் ஸ்டேட்டை பேக்கப்பிலிருந்து மீட்டு, சாதாரண நிலைக்குத் திரும்புமுன் என்டிடிஎஸ்யூட்டில் என்ற கட்டளைக் கருவியில் அந்த ஓயூவை அதாரிட்டேட்டிவ் (இதுவே செல்லுபடியாகும் நகல்) எனக் குறித்தேன். குறிக்காவிட்டால், மற்ற கன்ட்ரோலர்களிலிருந்து மாற்றங்களை நகலெடுத்துவரும் ரெப்ளிகேஷன் அந்த அழிப்பையே மறுபடி கொண்டுவந்து சேர்க்கும். குறித்தால், பேக்கப் எடுத்து எத்தனை நாளாயிற்றோ அதற்கு நாளொன்றுக்கு 1,00,000 வீதம் பதிப்பு எண் உயர்வதாலும், உயர்ந்த எண் கொண்டதே வெல்வதாலும், மீட்டதே நிலைக்கும்.

*

(மேலே உள்ளதைப் படித்த இன்னொருவரின் மறுமொழி) நீங்கள் சொன்னதற்கு நேர்மாறான இடத்தில் நான் இருந்தேன்: ரீசைக்கிள் பின் முன்கூட்டியே இயக்கப்பட்டிருந்தது, அழிந்தவற்றை அதிலிருந்து மீட்பதற்கான 180 நாள் கெடுவும் கடக்கவில்லை. ஆனாலும் அதிலிருந்து மீட்கும் ரெஸ்டோர்-ஏடிஆப்ஜெக்ட் கட்டளை ஒவ்வொரு பயனருக்கும் பிழை காட்டிக்கொண்டே இருந்தது. தாய் ஓயூவும் அழிந்திருக்கையில் பிள்ளைகள் எங்கே போய் அமரும் என்பது எனக்குச் சற்று தாமதமாகவே உறைத்தது. முதலில் ஓயூவை மீட்டேன். அது வெறுமையாகத்தான் வந்தது. பிறகு அழியுமுன் எந்த ஓயூவில் இருந்தது என்று காட்டும் லாஸ்ட்நோன்பேரன்ட் பண்பை வைத்து வடிகட்டி, உட்பிரிவு ஓயூக்களை ஒவ்வொரு படியாக இறங்கி மீட்டேன். குழு உறுப்பினர் விவரங்கள் ஒன்றுவிடாமல் கூடவே வந்துவிட்டன.