பிட்கொயினை எங்கே வைப்பது: தளத்திலா, கருவியிலா, அம்மாவின் அலுமாரியிலா?

அலையோரம்
வெளிநாட்டு ஆட்களுக்கு வடிவமைப்பு வேலை செய்து கொடுக்கிறேன். கூலியில் ஒரு பகுதி யூஎஸ்டிடியாக (டொலர் பெறுமதியோடு கட்டிய கிரிப்டோ நாணயம்) வரும், மிச்சம் பிடித்துக் கொஞ்சம் பிட்கொயினும் வாங்கியிருக்கிறேன். எல்லாம் கிரிப்டோ வாங்கி விற்கும் ஒரு பரிமாற்றத் தளத்தில்தான் கிடக்கிறது. போன வாரம் திடீரென்று முகத்தைக் காட்டு, அடையாள அட்டையைக் காட்டு என்று நான்கு நாள் எதையும் எடுக்க விடவில்லை. பிறகு திறந்துவிட்டார்கள், ஆனால் நான்கு இரவும் எனக்கு நித்திரை இல்லை. வன்பொருள் வாலட் (நாணயத்தைச் செலவழிக்கும் இரகசிய எண்ணை இணையத்துக்கு வெளியே வைத்திருக்கும் குட்டிக் கருவி) வாங்குவதா, போனிலேயே ஒரு வாலட் போடுவதா, இருக்கிற இடத்திலேயே விடுவதா? கொழும்பு வெள்ளவத்தையில் அம்மாவோடு வாடகை அனெக்ஸில் இருக்கிறேன். பூட்டி வைக்க ஓர் அலுமாரிதான் உண்டு.

செட்டியார்தெரு
தம்பி, நான்கு நாளில் விட்டார்களே, அதிர்ஷ்டம். 2014இல் மவுண்ட் கொக்ஸ் என்ற தளம் விழுந்தபோது சுமார் 850,000 பிட்கொயின் காணவில்லை என்றார்கள், பிறகு ஒரு பழைய வாலட்டில் 200,000 அளவில் கிடைத்தது. எஃப்டிஎக்ஸ் என்ற தளமும் 2022 நவம்பரில் வங்குரோத்து. தளத்தின் திரையில் நீர் பார்ப்பது காசு இல்லை, அவன் உமக்குத் தரவேண்டிய கடன் எழுதிய கொப்பி. ஒரு கருவி வாங்கும், திறப்பை, அதாவது அந்த இரகசிய எண்ணை, உம் கையில் வைத்துக்கொள்ளும்.

கணக்குக்கொப்பி
இந்த "திறப்பு உன் கையில்" கதையைக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஸ்டெபான் தோமஸ் என்ற நிரலாளரின் திறப்பும் அவர் கையில்தான் இருந்தது. 7,002 பிட்கொயின் ஒரு பூட்டிய யூஎஸ்பிக்குள். கடவுச்சொல் எழுதிய கடதாசி தொலைந்துவிட்டது. பத்து தடவைதான் முயலலாம், எட்டு முடிந்துவிட்டது என்று 2021இல் செய்தி வந்தது. அவருக்கே அந்தக் கதி.

எங்கள் பெரியம்மா வீடு கொழும்பை அடுத்த கொலன்னாவையில். 2016 மே வெள்ளத்தில் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த காணி உறுதி கூழாகிவிட்டது. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் தோசை மா போல வழிந்தது. ஆனால் காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்துவிட்டோம். கருவி தொலைந்தால் திறப்பை மீட்க வாலட் தரும் 12 அல்லது 24 சொல்லுக்கு எந்தப் பதிவகம் இருக்கிறது, அண்ணா?

செட்டியார்தெரு
அதற்குத்தான் கடதாசி வேண்டாம் என்பது. அந்தச் சொற்கள் 2,048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியலில் இருந்துதான் வருகின்றன. முதல் நான்கு எழுத்து தெரிந்தாலே எந்தச் சொல் என்று தெரிந்துவிடும். நான் பழைய சோனகத் தெருவில் ஒரு துண்டு துருப்பிடிக்காத தகடும் எழுத்து அடிக்கும் அச்சும் வாங்கி, வீட்டில் சுத்தியலால் நானே அடித்தேன். பக்கத்து வீட்டார் கதவைத் தட்டினார்கள், அது வேறு கதை. பெயர்ப்பலகை வெட்டுகிறவரிடம் மட்டும் கொடுத்துவிடாதேயும். உள்ளதையெல்லாம் அவர் கையில் கொடுத்த மாதிரி.

நிரலன்
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கருவிக்குள் பிட்கொயின் கிடையாது, திறப்புதான் இருக்கிறது. கருவி கடலில் விழுந்தாலும் சொற்கள் இருந்தால் வேறொன்றில் மீட்கலாம். சொற்களைப் படம் எடுத்துப் போனில் வைத்தால் கருவி வாங்கியதே வீண்.

அப்புறம் யூஎஸ்டிடி. அதை வெளியிடும் டெதர் நிறுவனத்தால் ஒரு முகவரியையே (நாணயம் கிடக்கும் கணக்கு எண் மாதிரி) முடக்க முடியும், முடக்கியும் இருக்கிறது. திறப்பு உங்களிடம் இருந்தாலும் அது அசையாது. "திறப்பு கையில் இருந்தால் யாரும் தொட ஏலாது" என்பது பிட்கொயினுக்குப் பொருந்தும், இதற்கு இல்லை.

கணக்குக்கொப்பி
பார்த்தீர்களா! அவருக்குக் கூலி வருவதே யூஎஸ்டிடியில்.

நிரலன்
அக்கா, அதனால் தளத்திலேயே விடு என்று நான் சொல்லவில்லை. 2025 பெப்ரவரியில் பைபிட் தளத்திலிருந்து சுமார் 150 கோடி டொலர் பெறுமதியான ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் திருட்டுப் போனது. பல பேர் கையொப்பமிட்டால்தான் திறக்கும் குளிர் வாலட் (திறப்பை இணையத்துக்கு வெளியே வைக்கும் வகை) அது. கணினித் திரையில் ஒன்றைக் காட்டி, உண்மையில் வேறொன்றுக்குத் திருடர்கள் ஒப்பம் வாங்கிவிட்டார்கள். பெரிய தளத்துக்கே இப்படி. ஆகவே கருவி வாங்கினால், அனுப்பும் முகவரியைக் கணினியில் பார்க்காமல் கருவியின் குட்டித் திரையில் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். முன்னால் நாலு, பின்னால் நாலு பார்ப்பதும் போதாது. அந்த எட்டும் ஒத்துப்போகிற போலி முகவரிகளை உருவாக்கி அனுப்புகிறார்கள்.

பாவித்த கருவி வேண்டவே வேண்டாம். பெட்டிக்குள் சொற்கள் ஏற்கனவே அச்சிட்டு வந்தால் அது தூண்டில்.

அலையோரம்
தளம் திரும்ப மூடினால் இங்கே யாரிடமாவது முறையிடலாமா?

கணக்குக்கொப்பி
இல்லை. இலங்கையில் கிரிப்டோ தொழில் நடத்த எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி 2022 ஜூலையில் அறிவித்தது. வங்கி அட்டையால் வாங்கவும் கூடாது, அது 2021இலேயே வந்த பணிப்புரை.

செட்டியார்தெரு
அக்கா, இது என் கட்சிக்கான வாதம். முறையிட இடமில்லாத ஊரில் காசை அடுத்தவனிடம் ஏன் விட வேண்டும்?

கணக்குக்கொப்பி
சரி, அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் தம்பிக்கு நாளைக்கு ஒன்று ஆனால்? சில தளங்களில் மரணச் சான்றிதழைக் காட்டிக் கேட்கவாவது ஒரு வழி இருக்கிறது. உங்கள் தகட்டைப் பார்த்தால் உங்கள் வீட்டில் என்ன நினைப்பார்கள்? பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுவார்கள்.

செட்டியார்தெரு
...அதை இன்னும் மனுசியிடம் சொல்லவில்லை. வங்கிப் பெட்டகத்தில் நகையோடு கிடக்கிறது.

அலையோரம்
மூன்று வாரத்துக்குப் பிறகு வருகிறேன். லண்டனில் இருக்கும் சித்தப்பா மகன் லீவில் வந்தபோது, தயாரிப்பாளரிடமே வாங்கிய கருவி ஒன்று கொண்டுவந்தான். முதலில் 10 டொலர் பெறுமதியான பிட்கொயின் மட்டும் அனுப்பினேன். பிறகு கருவிக்குள் இருந்ததை அழித்து, எழுதிவைத்த சொற்களை வைத்து மீட்டுப் பார்த்தேன். பிழை என்றது. திரும்பவும் பிழை. வேர்த்துவிட்டது. கடைசியில் பார்த்தால் ஏழாவது சொல் "வெயிட்" (wait), என் கையெழுத்தில் "வாண்ட்" (want) மாதிரி இருந்திருக்கிறது. இரண்டுமே பட்டியலில் உள்ள சொற்கள். திருத்தினேன், திறந்தது.

செட்டியார்தெரு
உம் சொல்லை ஏன் ஐயா இங்கே எழுதுகிறீர்?

கணக்குக்கொப்பி
கடவுளே.

நிரலன்
ஒரு சொல் தெரிந்து யாரும் உடைக்க ஏலாது. ஆனாலும் அந்தப் பழக்கம் வேண்டாம், மச்சான்.

அலையோரம்
அது சோதனைச் சொற்கள். அழித்துப் புதிதாக 24 சொற்கள் எடுத்து, இந்த முறை எல்லாம் பெரிய எழுத்தில் எழுதிவிட்டேன். பிட்கொயின் முழுக்கக் கருவிக்கு மாற்றியாயிற்று. மாதச் செலவுக்கான யூஎஸ்டிடி மட்டும் தளத்தில்.

கணக்குக்கொப்பி
அம்மாவிடம் சொன்னீர்களா?

அலையோரம்
அலுமாரியில் ஒரு கடித உறை இருக்கிறது, தொட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். "காதல் கடிதமா?" என்று கேட்டார்.