லிம் சூ காங் கீரைத் தோட்டம்: அக்டோபர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் எதை எப்ப விதைக்கிறது?

வயக்காட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூர்ல, லிம் சூ காங்ல ஒரு கீரைத் தோட்டத்துல சூப்பர்வைசரா இருக்கேன், வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது, சொந்த ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம். இதுவரைக்கும் பழைய மேனேஜர் சொல்றத செஞ்சுகிட்டு இருந்தேன். அவரு போன மாசம் வேலைய விட்டு நின்னுட்டாரு, இப்ப முதலாளி என்னைக் கூப்பிட்டு அக்டோபர்ல இருந்து பிப்ரவரி முடிய எந்தப் பாத்தியில என்ன போடப்போறோம்னு ஒரு பிளான் எழுதிக் குடுன்னு சொல்லிட்டாரு, அதுல இருந்து தூக்கம் சரியா இல்ல.

ஊர்ல ஆடிப்பட்டம், தைப்பட்டம்னு ஒரு கணக்கு இருக்கு, அப்பாவுக்கு காலண்டரே தேவையில்ல. இங்க பாத்தா வருஷம் பூரா மழையும் இருக்கு வெயிலும் இருக்கு, பகல் நீளம் கூட 10 நிமிஷத்துக்கு மேல மாறல. அப்ப இந்த ஊருக்குப் பட்டம்னு ஒண்ணு உண்டா இல்லையா?

எங்ககிட்ட இருக்குறது பாதி நெட் ஹவுஸ், கால்வாசி பிளாஸ்டிக் கூரை, மீதி திறந்த பாத்தி. போடுறது காய்லான், சாய் சிம், சியாவ் பாய் சாய் (மூணும் சீனக் கீரை வகை), காங்கோங் (நம்ம வள்ளைக்கீரை), தண்டுக்கீரை (இங்க பாயம்னு சொல்றது). போன டிசம்பர்ல திறந்த பாத்தியில தண்டுக்கீரை விதைச்சோம், அன்னைக்கு ராத்திரியே மழை அடிச்சு விதையெல்லாம் பாத்தி ஓரத்துல வந்து ஒதுங்கிடுச்சு, காலையில போய்ப் பாத்தா நடுவுல மொட்டையா, ஓரத்துல கொத்துக் கொத்தா. மறுபடி விதைச்சோம், அதுவும் முளைச்ச நாலாம் நாள் தண்டு அழுகி சாஞ்சிடுச்சு.

இன்னும் ரெண்டு விஷயம். வானிலை ஆபீஸ்ல மூணு மாசத்துக்கு சராசரிக்கு மேல மழை, கீழ மழைன்னு போடுறாங்களே, அத வச்சு விதைப்ப முடிவு பண்ணலாமா? அப்புறம் முதலாளியோட மக ஸ்ட்ராபெர்ரி போடலாமான்னு கேக்குறாங்க, நல்ல விலை போகுதாம். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


கிராஞ்சி அக்கா:
தம்பி, பட்டம் உண்டு, நம்ம ஊரு மாதிரி பேரு வச்சுக் கூப்பிடல, அவ்வளவுதான். கிராஞ்சி பக்கம் 17 வருஷமா இலைக்காய் தோட்டத்துல இருக்கேன், நான் பாத்தத சொல்றேன், நிதானமா படிங்க.

நீங்க எழுதப்போற அஞ்சு மாசத்த மூணாப் பிரிங்க. அக்டோபர், நவம்பர் ரெண்டும் காத்து மாறுற காலம், மத்தியானத்துக்கு மேல இடியோட மழை, காலையில நல்ல வெயில். நவம்பர் வரைக்கும் சுமத்ராவுல இருந்து வர்ற புயல்காத்தும் உண்டு, அது விடியுறதுக்கு முன்னாடி வந்து ஒரு மணி ரெண்டு மணி நேரம் அடிச்சிட்டுப் போயிடும், கூரை பிளாஸ்டிக் லூசா இருந்தா அன்னைக்கே கிழியும், அதனால செப்டம்பர்லயே கயிறு, கிளிப் எல்லாம் ஒரு தடவை இழுத்துப் பாத்துடுங்க. அடுத்து டிசம்பர், ஜனவரி, இதுதான் ஈரப் பட்டம். டிசம்பர் மட்டும் சராசரியா 330 மில்லிமீட்டர் கிட்ட பெய்யும். பிப்ரவரி வந்தா அப்படியே திரும்பும், சராசரி 105 மில்லிமீட்டர்தான், காத்து வேற இழுக்கும். 2014 பிப்ரவரியில சாங்கி வானிலை நிலையத்துல மாசம் முழுக்க 0.2 மில்லிமீட்டர்தான் விழுந்துச்சு, 1869ல இருந்து வச்சிருக்குற பதிவுல அவ்வளவு காஞ்ச மாசம் அதுக்கு முன்னாடி இல்ல. அந்த மாசம் எங்க குளத்துல தரை தெரிஞ்சத இன்னும் மறக்கல. ஜனவரி கடைசிக்குள்ள உங்க குளத்த நிரப்பி வச்சுக்குங்க.

ஈரப் பட்டத்துல மழை தினமும் ஒரே மாதிரி வராது. வடக்க இருந்து குளிர்க்காத்து திரண்டு வரும்போது ரெண்டு மூணு நாள் நிக்காம ஊத்தும், ஒரு சீசனுக்கு ரெண்டுல இருந்து நாலு தடவை அப்படி வரும். 2025 ஜனவரி 10, 11 ரெண்டே நாள்ல சாங்கியில 255 மில்லிமீட்டர், ஜனவரி மாசத்துச் சராசரியே 222தான். அந்த வருஷம் சீனப் புத்தாண்டு ஜனவரி 29, அதுக்குன்னு போட்ட காய்லான் அப்ப நாலு வாரப் பயிர், எட்டுப் பாத்தி திறந்த வெளியில. மழை நின்ன மறுநாள் செடி நல்லாத்தான் நின்னுச்சு, நானும் தப்பிச்சதுன்னு நெனச்சேன். மூணாம் நாள் அடித்தண்ட விரலால தொட்டா வழவழன்னு உள்ள போகுது, மூக்குல அந்த அழுகின வாடை. எட்டுல ரெண்டு பாத்திதான் லாரி ஏறுச்சு. அன்னையில இருந்து டிசம்பர், ஜனவரியில காய்லானும் சியாவ் பாய் சாயும் எனக்குக் கூரைக்குக் கீழதான், திறந்த பாத்தியில காங்கோங் மட்டும். அது தண்ணிக்குப் பொறந்த செடி, வேர் மூழ்கினாலும் நிக்கும். ஆனா இலைக்கு அடியில வெள்ளையா கொப்புளம் வருதான்னு திருப்பித் திருப்பிப் பாக்கணும், வந்துட்டா அந்தப் பாத்திய சீக்கிரம் அறுத்துடுங்க, பக்கத்துப் பாத்திக்குப் போக விடாதீங்க.

உங்க தண்டுக்கீரை சாஞ்சதுக்கு விதை மேல குத்தம் சொல்ல முடியாது. தண்ணி வடியாத மண்ணு, நெருக்கமா முளைச்ச நாத்து, ரெண்டும் சேந்தா அந்த அழுகல் வந்தே தீரும். ஈர மாசத்துல தட்டுல விதைச்சு கூரைக்குக் கீழ வளத்து நட்டுடுங்க, கூலி கூடத்தான், ஆனா ரெண்டு தடவை விதைச்சத விட மிச்சம். பாத்திய 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏத்துங்க, வடிகால்ல பாசி கட்டியிருந்தா நவம்பர்லயே வாரி எடுத்துடுங்க. உரத்த ஒரே தடவையா கொட்டாதீங்க, பெரிய மழை அடிச்சா தழைச்சத்தும் சாம்பல்சத்தும் தண்ணியோட போயிடும், மூணா பிரிச்சுப் போடுங்க.


தேக்கா காய்க்கடை:
அக்கா சொன்னது எல்லாம் தோட்டத்துப் பக்கம், நான் வாங்குற பக்கம் இருந்து சொல்றேன். எனக்கு தேக்காவுல கடை, ராத்திரி பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்குப் போய் சரக்கு எடுக்குறவன்.

தம்பி நீங்க மழைய மட்டும் பாத்து பிளான் போட்டா விலைய விட்டுடுவீங்க. நமக்கு வர்ற இலைக்காய்ல பெரும்பங்கு மலேசியா லாரியில வருது. டிசம்பர், ஜனவரியில அங்க வெள்ளம் வந்தா லாரி லேட்டாகும், வந்த சரக்கும் பாதி கருத்திருக்கும், அன்னைக்குப் பாசிர் பாஞ்சாங்ல நல்ல காய்லான் யாரு வச்சிருக்காங்கன்னு நாங்க தேடிகிட்டு நிப்போம். உங்க தோட்டத்துல செடி அழுகுற அதே வாரத்துலதான் விலையும் ஏறும். அதனால கூரை எவ்வளவு இருக்கோ அத்தனையும் அந்த எட்டு வாரத்துக்கு ஒதுக்கி வைங்க, மத்த மாசத்துல கூரைக்குக் கீழ என்ன போட்டாலும் பரவாயில்ல.

தேதிங்க முக்கியம். புரட்டாசி செப்டம்பர் நடுவுல பொறக்குது, எங்க கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு அந்த மாசம் கவுச்சி தொட மாட்டாங்க, அப்ப தண்டுக்கீரை, முருங்கைக்கீரை, மணத்தக்காளி எது வந்தாலும் மத்தியானத்துக்குள்ள காலி. அதுக்கு நீங்க இப்ப ஆகஸ்ட்லயே விதை போட்டிருக்கணும், இன்னும் போடலன்னா இந்த வாரமே போடுங்க. கார்த்திகை பொறந்தா ஐயப்பனுக்கு மாலை போடுறவங்க, அது பொங்கல் வரைக்கும் ஓடும். தீபாவளி அன்னைக்கு எல்லா வீட்லயும் கறிதான், அந்த வாரம் கீரை கொண்டு வந்து எறக்காதீங்க, எனக்கும் நஷ்டம் உங்களுக்கும் நஷ்டம்.

பெர்ரின்னு கேட்டீங்களே, எனக்குத் தெரிஞ்ச பெர்ரி மணத்தக்காளிதான். பச்சைக் காயா கொண்டு வாங்க, வத்தக்குழம்பு வைக்குறவங்க விடாம வாங்குவாங்க. பழுத்துட்டா பெட்டியில நசுங்கிடும். மனசாரச் சொல்றேன், உள்ளூர்ல விளைஞ்ச காய் கிடைச்சா எடுத்து வைக்கணும்னு எனக்கு ஆசை, காலையில அறுத்தது மத்தியானம் கடையில இருந்தா அந்த இலையில இருக்குற மினுமினுப்பு வேற எதுலயும் வராது.


வயக்காட்டான்:
அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. விலையும் அழுகலும் ஒரே வாரத்துலன்னு சொன்னீங்களே, அது எனக்குத் தோணவே இல்ல. போன வருஷம் டிசம்பர்ல கூரைக்குக் கீழ நாங்க காங்கோங் போட்டிருந்தோம், காய்லான வெளிய விட்டுட்டோம், இப்பதான் புரியுது.

ஒரு சந்தேகம். சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6ன்னு வைங்க, காய்லான் 45 நாள், அப்ப டிசம்பர் 20 வாக்குல விதைச்சா பிப்ரவரி 3, 4ல அறுப்பு, சரியா?


கிராஞ்சி அக்கா:
இல்ல தம்பி, அங்கதான் பலரும் சறுக்குறது. 45 நாள்ங்கறது வெயில் அடிக்கிற மாசத்துக் கணக்கு. டிசம்பர், ஜனவரியில வாரக்கணக்கா மேகம் மூடிக் கிடக்கும், பிளாஸ்டிக் கூரையும் கொஞ்சம் வெளிச்சத்த எடுத்துக்கும், எங்க தோட்டத்துல காய்லான் ஒரு வாரம் வரைக்கும் பிந்துது, சாய் சிம் நாலஞ்சு நாள் பிந்துது. அதனால 52ன்னு வச்சுப் பின்னாடி எண்ணுங்க, டிசம்பர் 13, 14 வரும். அந்த ஒரு நாள்ல எல்லாத்தையும் போடாதீங்க, டிசம்பர் 9ல இருந்து மூணு நாளைக்கு ஒரு தட்டுன்னு நாலு தடவையா போடுங்க, வெயில் அடிச்சா கடைசித் தட்டு கைகுடுக்கும், மூடிக் கிடந்தா முதல் தட்டு கைகுடுக்கும்.

புத்தாண்டு பிறந்ததும் மொத்த வியாபாரிங்க சில நாள் கடை மூடிடுவாங்க, வேலையாளும் லீவு கேப்பாங்க. அந்த நாள்ல அறுப்புக்கு வர்ற மாதிரி எதையும் விதைச்சு வைக்காதீங்க, முத்திப் போன சாய் சிம் பூ விட்டு நிக்கிறத பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும். புத்தாண்டு எப்பவுமே ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் நடுவுல எங்கயாவது விழும், சீக்கிரம் விழுந்தா பயிர் பூரா மழையில வளரும், தள்ளி விழுந்தா கடைசி ரெண்டு வாரம் காஞ்ச காத்துல நிக்கும். காஞ்சா அழுகல் போகும், அதுக்குப் பதிலா தெள்ளுப்பூச்சி வந்து இலையில ஊசி குத்தின மாதிரி ஓட்டை போடும், அத எந்தக் கடைக்காரரும் எடுக்க மாட்டாரு. அப்ப மருந்து அடிக்கணும்னா லேபிள்ல அறுப்புக்கு எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு போட்டிருக்கும், அந்த நாளையும் உங்க கணக்குல எழுதி வைங்க.

வானிலை முன்னறிவிப்பு கேட்டீங்க, விட்டுப்போச்சு. சராசரிக்குக் கீழ, சராசரி, சராசரிக்கு மேலன்னு மூணு கூறா வச்சு, ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு வாய்ப்புன்னு சொல்றாங்க. ஒண்ணுமே தெரியாட்டி மூணுக்கும் 33% வரும். மேலங்கறதுக்கு 50% போட்டாலும் பாதி வாய்ப்பு வேற மாதிரி ஆகுறதுக்குத்தான். எந்த வாரம் ஊத்தும்னு அதுல தெரியாது. எல் நினோ, அதான் பசிபிக் கடல் சூடாகுறது, அது வந்தா ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும் நல்லாக் காயும், ஆனா நம்ம டிசம்பர் மழைய அது பெருசா அசைக்காது, அதனால எல் நினோ வருஷம்னு கேள்விப்பட்டு காய்லான வெளிய போட்டுடாதீங்க. நான் அந்த மூணு மாசக் கணக்க விதை, உரம் எவ்வளவு வாங்குறதுன்னு முடிவு பண்ண மட்டும் பாப்பேன். விதைக்கிற நாளுக்கு ரெண்டு வார முன்னறிவிப்பு வருதே, அதுதான்.


குழாய்த்தோட்டம்:
ஸ்ட்ராபெர்ரிக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன், மூடின அறையில எல்இடி விளக்கு வச்சு வளக்குற வேலையில மூணு வருஷம் இருந்தேன். வெளிய போட்டா செடி வளரும், இலை செழிப்பா வரும், ஓடுகொடி ஓடும், பூ மட்டும் வராது. பூ எடுக்க ராத்திரி குளிர்ச்சி வேணும், மலேசியாவுல கேமரன் மலையில அது இயற்கையா கிடைக்குது, நமக்கு ராத்திரி 24, 25 டிகிரி. ஏர்கான் போட்டு எறக்கணும், கரண்ட் பில்லுதான் மொத்தச் செலவுல பெருசு, பூவுக்குத் தேனீ கிடையாது, பிரஷ்ஷால ஒவ்வொண்ணா தடவி விடணும். முதலாளி மக கிட்ட ஒரு சின்ன அறையில 200 செடி வச்சு ஒரு வருஷம் கரண்ட் பில்ல எழுதிப் பாருங்கன்னு சொல்லுங்க.

பெர்ரின்னு ஆசைப்பட்டா மல்பெரி, அதாங்க முசுக்கொட்டை, அது நம்ம வெயிலுக்கு அருமையா வரும். கிளைய வெட்டி இலைய உருவி விட்டா புதுத் துளிரோடயே காய் வந்துடும், அப்ப எந்த மாசம் பழம் வேணுமோ அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி வெட்டலாம். பிப்ரவரி, மார்ச்ல பழுக்குற மாதிரி டிசம்பர் கடைசியில வெட்டுங்க, மழையில பழுத்தா சப்புன்னு இருக்கும், பூஞ்சையும் பிடிக்கும். பழம் ஒரு நாள் கூடத் தாங்காது, அதனால வாங்குற கேக் கடையோ ஜாம் போடுறவங்களோ முதல்ல பேசி முடிச்சிட்டு அப்புறம் வேலி ஓரமா நடுங்க.


வயக்காட்டான்:
இன்னைக்கு சாயங்காலம் உக்காந்து எழுதிட்டேன். தண்டுக்கீரை நாலு தட்டு இன்னைக்கே போட்டாச்சு, புரட்டாசிக்கு. டிசம்பர் 9ல இருந்து காய்லான் கூரைக்குக் கீழ, காங்கோங் வெளிய. வேலி ஓரத்துல மல்பெரி 12 குச்சி நட்டுப் பாக்கலாம்னு முதலாளிகிட்ட கேட்டேன், சரின்னுட்டாரு. தேக்கா அண்ணே, மணத்தக்காளி விதை உங்க கடைப் பழத்துல இருந்தே எடுத்துக்கலாமா? ஞாயித்துக்கிழமை லீவு, வர்றேன்.


தேக்கா காய்க்கடை:
வாங்க தம்பி, நல்லாப் பழுத்து கருத்ததா ஒரு கை எடுத்து வைக்கிறேன். 11 மணிக்கு முன்னாடி வந்துடுங்க, அப்புறம் கூட்டத்துல பேச முடியாது.