போட்டோக் கொப்பியில் கறுப்புக் கோடு: பிளேட்டை மட்டும் மாற்றலாமா?

திருகோணமலையில் கச்சேரிக்கு அருகே சிறிய போட்டோக் கொப்பிக் கடை நடத்துகிறேன். தாளின் நீளவாக்கில் மெல்லிய கறுப்புக் கோடு விழுகிறது. காணி உறுதியில் கோடு விழுந்தால் யார் காசு தருவார்கள்? கணினியிலிருந்து அச்சிட்டாலும் அதே கோடுதான். ஆகவே ஸ்கேனர் கண்ணாடியில் குற்றமில்லை.

பாதி அச்சில் இயந்திரத்தை நிறுத்தித் திறந்து பார்த்தேன். தாளுக்குப் போகாமல், படம் உருவாகும் உருளையான ட்ரம்மில் எஞ்சும் டோனர் மைத்தூளைச் சுரண்டி எடுக்க வேண்டிய பிளேட்டைத் தாண்டியும் ஒரு தடம் இருக்கிறது. கழிவு டோனர் பெட்டி நிரம்பவில்லை. ட்ரம்மில் கீறலும் தெரியவில்லை.

திருத்துபவர் ட்ரம் தொகுதியையே மாற்றச் சொல்கிறார். அவருக்கென்ன, செலவு என்னுடையது! பிளேட்டை மட்டும் மாற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? விளிம்பில் தூள் பூசாமல் சுழற்றினால் புதிய பிளேட் மடிந்துவிடும் என்பது தெரியும்; எந்தத் தூள் நல்லது? ஏ3 இயந்திரத்துக்கான பிளேட் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ எங்கே கிடைக்கும்?