கொட்டகலை – ஹட்டன் தினமும் வேலைக்குப் போக எந்த சைக்கிள் எடுப்பது?

கொட்டகலைத் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஹட்டன் டவுனில் கடை வேலை. வீடு கொட்டகலைப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் போகிற கல்லு ரோட்டில். காலை பஸ்ஸில் ஏற இடமிருக்காது, த்ரீவீலுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. 2022இல் பெற்றோல் வரிசை நீண்ட காலத்தில் அண்ணன் வாங்கிய கியர் இல்லாத சைக்கிளைத்தான் ஓட்டுகிறேன். ஏற்றத்தில் முழங்கால் வலி. மழையில் இறங்கும்போது பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலும் சைக்கிள் தன்பாட்டுக்குப் போகிறது. கடையில் முன்னும் பின்னும் ஷொக் வைத்த 21 கியர் மவுண்டன் பைக் காட்டினார்கள். பார்க்க நல்ல கெத்து. எடுக்கலாமா?

நானுஓயா அண்ணன்:
அவசரப்படாதீங்க தம்பி. இப்போதுள்ள சைக்கிளில் முன் செயின்வீலில் எத்தனை பல், பின் ப்ரீவீலில் எத்தனை பல் என்று எண்ணிச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு காந்தத்தை ரிம்மில் வைத்துப் பாருங்கள்.

கொட்டகலைத் தம்பி:
முன்னுக்கு 44, பின்னுக்கு 18. காந்தம் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது!

நானுஓயா அண்ணன்:
அப்போ இரண்டு வருத்தத்துக்கும் காரணம் தெரிந்துவிட்டது. உங்கள் ரிம் இரும்பு. நனைந்தால் பிரேக் ரப்பர் அதில் வழுக்கும், அந்த ரப்பர் கட்டையை மாற்றினாலும் பெரிதாகத் திருந்தாது. அலுமினிய ரிம்மில் காந்தம் ஒட்டாது, மழையிலும் பிடிமானம் எவ்வளவோ மேல்.

முழங்கால் விஷயம்: 44ஐ 18ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.4. அதாவது பெடலை ஒருமுறை சுற்றினால் பின் சக்கரம் 2.4 முறை சுற்றும், சைக்கிள் ஏறக்குறைய 5 மீற்றர் ஓடும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 18 கிலோமீற்றர். ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு யாரால் முடியும்? அதனால் மெதுவாக, முழுப் பாரத்தையும் போட்டு அமுக்குகிறீர்கள், முழங்கால் கத்துகிறது. முன்னுக்கு 24, பின்னுக்கு 28 பல் கிடைத்தால் ஒரு சுற்றுக்கு 1.75 மீற்றர்தான், அதே 60 சுற்றில் மணிக்கு 6 கிலோமீற்றர் சொச்சம். நடையைவிடக் கொஞ்சம் வேகம், ஆனால் உட்கார்ந்தபடியே ஏறலாம். 21 கியர் என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம், மிகச் சின்னக் கியர் எது என்பதுதான் கணக்கு.

பின் ஷொக் வேண்டவே வேண்டாம். மலிவு சைக்கிளில் அது வெறும் பாரம், மிதிக்கிற மிதியில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

தலவாக்கலை பாஸ்:
நான் சைக்கிள் திருத்துகிறவன். டிஸ்க் பிரேக் (சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டைப் பிடிப்பது) எடுப்பதென்றால் கேபிளில் வேலை செய்வதை எடுங்கள். ஒயில் டிஸ்க் நன்றாகப் பிடிக்கும், ஆனால் காற்றுப் புகுந்தால் இங்கே எல்லாக் கடையிலும் எடுத்துத் தரமாட்டார்கள். என்னைக் கேட்டால் அலுமினிய ரிம்மும், அந்த ரிம்மை இரண்டு பக்கமும் கட்டையால் அமுக்கிப் பிடிக்கிற வி-பிரேக்கும் போதும்.

நானுஓயா அண்ணன்:
அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் பாஸ். இந்த மழையில் சேறும் மணலும் கட்டையில் ஒட்டிக்கொண்டு ரிம்மையே அராவிவிடும். கேபிள் டிஸ்க்தான் என் ஓட்டு.

பண்டாரவளை டீச்சர்:
லைட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! மூடுபனியில் பின்னால் வருகிற பஸ்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டும். பின்னுக்குச் சிவப்பு லைட், பகலிலும் போடுங்கள். மட்காட் பூட்ட ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள் தம்பி, இல்லாவிட்டால் வேலைக்கு முதுகெல்லாம் சேற்றோடுதான் போய் நிற்பீர்கள்.

கொட்டகலைத் தம்பி:
பாவித்த சைக்கிள் ஒன்று கிடைத்திருக்கிறது. முன்னுக்கு மூன்று செயின்வீல், 42-34-24 பல்; பின்னுக்கு ஏழு கியர், 14 முதல் 28 பல் வரை (14-28). கேபிள் டிஸ்க். முன் ஷொக் மட்டும். மட்காட் ஓட்டை இருக்கிறது, டீச்சர்.

தலவாக்கலை பாஸ்:
சரி, எடுங்கள். காசு கொடுக்கும் முன் பெடல் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொடத்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். செயினையும் பாருங்கள், இழுபட்டிருந்தால் ப்ரீவீலும் தேய்ந்திருக்கும். எப்படியும் மாற்ற வேண்டி வந்தால் 14-34 போடுங்கள், கல்லு ரோட்டு மேட்டுக்கு அது இன்னும் லேசு. ஆனால் பின் டீரெய்லர் (செயினைக் கியருக்குக் கியர் மாற்றிவிடும் பகுதி) 34 பல்லுக்குத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும், செயினும் கொஞ்சம் நீளமாகத் தேவைப்படும்.

கொட்டகலைத் தம்பி:
நன்றி பாஸ். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.