புதுப்பிப்பு: அப்பாவின் முழங்கால் வீக்கம் கவுட் இல்லை, சீழ்

சர்க்கரை நோயுள்ள அப்பாவுக்குத் திடீரென்று வலது முழங்கால் வீங்கிச் சூடாகிவிட்டது, காய்ச்சலும் இருக்கிறது, இது கவுட்டா (யூரிக் அமிலம் படிந்து வரும் மூட்டு வீக்கம்) என்று போன மாதம் கேட்டிருந்தேன். "மூட்டு நீரை உடனே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றவர்களுக்கு நன்றி.

முதலில் காட்டிய கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் வீண். அப்புறம் போன மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் போடும் முன்பே ஊசியால் நீரை உறிஞ்சினார்கள். தெளிவாக இருக்க வேண்டியது கலங்கிய மோர் மாதிரி வந்தது. கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. ரத்தத்திலும் அதே கிருமி. குதிகால் வெடிப்பு வழியாகப் புகுந்திருக்கலாம் என்கிறார் டாக்டர். அதற்கு நாங்கள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம்!

அன்றிரவே மூட்டைத் திறந்து கழுவினார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் எலும்புத் தொற்று அதில் தெரிய இரண்டு வாரம்கூட ஆகுமாம். எம்.ஆர்.ஐ.யில் தொடை எலும்பின் கீழ்முனையிலும் தொற்று. ரத்தத்தில் கிருமி இருந்ததால் எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்தார்கள், இதய வால்வு தப்பியது. ஆறு வாரம் செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக், எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. இப்போது நான்காவது வாரம். சி.ஆர்.பி. (உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) 210-லிருந்து 38-க்கு இறங்கியிருக்கிறது. கால் பாதிதான் மடங்குகிறது. நேற்று வாக்கரோடு வாசல்வரை போய்ப் பால்காரரிடம் சண்டை போட்டார்.